நாலு மூலையும் கருத்த கார்டு

கருப்பு மை தடவிய கார்டு வந்தால் வாசலுக்கு வெளியிலேயே நின்று படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட வேண்டும். வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. கல்யாணக் கார்டு என்றால் மூலையில் மஞ்சள் இருக்கும். அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகி வைப்பார்கள். கருப்பு என்றால் எழவு. எழுத்துத் தெரியாத வீட்டில்கூட இந்த இரண்டு நிறத்தையும் வாசிக்கத் தெரியும். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், தன் சாவுச் சேதியைத் தன் கையாலேயே எழுதித் தபாலில் போட்டவன் இந்தத் திண்டுக்கல்லில் நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

நான் மூணாங் கிளாஸோடு நின்றவன். குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரிக் காடு. பத்து வயசில் கிணறு வெட்டுகிற ஆட்களோடு கூடை சுமக்கப் போனேன். அங்கிருந்து ஆழ்துளை போடுகிற போர் வண்டிக்கு ராடு தூக்கப் போனேன். பிறகு அந்த வண்டியையே வாங்கினேன். இன்றைக்கு என் பேரில் நாலு வண்டி ஓடுகிறது. இன்ஜினியருக்குப் படித்தவர்கள் கையில் மிஷினைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் தேடுவார்கள். நான் செத்த நேரம் பாறையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இங்க போடு" என்பேன். பத்துக்கு எட்டு தப்பாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், அதனால் என்ன?

தொழிலில் எனக்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தேன். போர் போட்டு முடித்த வீட்டில் என் விலாசம் எழுதிய பத்துக் கார்டுகளைக் கொடுத்துவிட்டு வருவேன். "மாசம் ஒருக்கா தண்ணி எத்தனை அடியில நிக்குதுன்னு ஒரு வரி எழுதிப் போடுங்க" என்று சொல்வேன். எந்தப் போர்க்காரன் இப்படிச் செய்தான்? ஒருத்தனும் செய்யவில்லை. எவனும் பதில் போடவும் இல்லை, அது வேறு கதை. கார்டுகள் அவரவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கத்தான் ஆயின.

ஒரே ஒருவர் எழுதினார். தொப்பம்பட்டிப் பக்கத்து விவசாயி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் தென்னந்தோப்பில் முந்நூறு அடியில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். மாசம் பிறந்தால் கார்டு வந்துவிடும். "தண்ணி நூத்திப்பத்தடியில நிக்குதுங்க. தென்னை சௌக்கியம். நீங்க சௌக்கியமுங்களா?" அம்புட்டுதான். நான் கொடுத்த பத்தும் தீர்ந்த பிறகு சொந்தமாக வாங்கி எழுதினார். ஆரம்பத்தில் என் வீட்டுக்காரியைவிட்டுப் பதில் எழுதச் சொன்னேன். அவள் பத்தாவது படித்தவள். "நீங்க சொல்றதை அப்படியே எழுதுனா அந்த மனுசன் பயந்துருவாரு" என்று அவளாகத் திருத்தி எழுதுவாள். ரோஷம் வந்து நானே எழுத ஆரம்பித்தேன். என் எழுத்து ஒவ்வொன்றும் செங்கல் மாதிரி இருக்கும். ஆனாலும் பத்து வருஷத்தில் ஒரு மாசம் தவறவில்லை. அவர் கார்டுகளை எல்லாம் ஒரு கம்பியில் குத்தி ஆபீஸ் சுவரில் தொங்கவிட்டிருந்தேன். நேரில் பார்த்தது போர் போட்ட அந்த இரண்டு நாள்தான். போகப்போக அவர் முகம் மறந்துபோனது. 'சௌக்கியம்' என்று எழுதும்போது அவர் போடுகிற சுழி மட்டும் மறக்கவில்லை.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நாலு வருஷம், மழை என்றால் என்ன என்று கேட்கிற காலம். அவருடைய தண்ணீர் இருநூறுக்குப் போனது. இருநூற்றெண்பதுக்குப் போனது. ஒரு கார்டில், "மோட்டார் வெறுங்காத்தைத்தான் இழுக்குதுங்க. கழட்டி வெச்சுட்டேன்" என்று எழுதினார். சரி, இனி எழுத ஒன்றும் இல்லை, கார்டும் நிற்கும் என்று நினைத்தேன். அடுத்த மாசமும் வந்தது.

"பைப்பு மூச்சு விடுதுங்க. காலையில ஊதுது. பொழுது சாய உள்ளே இழுக்குது. வேப்பிலையை வாயில வெச்சா ஒட்டிக்குது."

எனக்கு இது புதுசில்லை. வறண்ட போர் மூச்சு விடும். பூமிக்குள் வெடிப்பு இருக்கிறது, வெடிப்பு நிறையக் காற்று இருக்கிறது. மழை மூட்டம் போட்டால் அந்தக் காற்று வெளியே வரும். வானம் வெளுத்தால் உள்ளே போகும். அவ்வளவுதான் விஷயம் என்று பதில் எழுதினேன். ஆனால் அவர் அந்தப் பைப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார் போல. அடுத்தடுத்து வந்த கார்டுகளில் தென்னையைப் பற்றி ஒரு வரி இல்லை.

"நேத்து ஊதறப்போ நாலஞ்சு பேரு பேசிக்கற மாதிரி கேட்டுச்சு. காது வெச்சா நின்னு போகுது."

"எங்கம்மா அந்தப் பக்கம் வர்றதில்லீங்க. பால் மாடும் வர்றதில்லை."

"இப்பெல்லாம் அது ஊதறப்போ நானும் ஊதறேன். இழுக்கறப்போ நானும் இழுக்கறேன். பழகிப் போச்சுங்க."

இந்தக் கார்டைப் படித்த அன்றைக்கு, கம்பியில் குத்தும்போது என் கை சற்று நின்றது. வீட்டுக்காரியிடம் காட்டினேன். "நீங்க ஒருக்கா போயி பாத்துட்டு வாங்க" என்றாள். போகிறேன் என்றேன். போகவில்லை. வேலை அப்படி.

அடுத்த கார்டு ஒரு புதன்கிழமை வந்தது. நான் குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு காட்டில் போர் போட்டுக்கொண்டிருந்தேன். நானூறு அடியில் பாறை உடைக்கிற ஹேமர் மாட்டிக்கொண்டது. ராடு மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. அப்படியே விட்டால் மண் இறுகி மொத்தமும் பூமிக்குள் போய்விடும். டீசல் கொண்டுவந்த டிரைவரிடம் வீட்டுக்காரி அந்தக் கார்டைக் கொடுத்துவிட்டிருந்தாள்.

"வானம் மூடியிருக்குதுங்க. மழைக்கு முந்திப் பழைய கிணத்துல இறங்கிச் சேறு வாரிடலாம்னு இருக்கறேன். வெள்ளிக்கிழமை நாள் நல்லாருக்கு. நான் ஒருத்தனே போதும். பைப்பு ரெண்டு நாளா நிக்காம ஊதுது."

அவருடைய பழைய கிணறு போருக்குப் பத்தடி தள்ளி இருந்தது. எழுபதடி ஆழம். போர் போடும்போதே பார்த்தவன் நான்: பாறையில் என் துளை வெட்டின அதே வெடிப்பு கிணற்றுச் சுவரிலும் வாய் திறந்திருந்தது. பைப்பு ஊதினால் கிணறும் ஊதும். பைப்பு ஊதுகிற காற்று வானத்துக்குப் போய்விடும். கிணற்றுக்குள் வருகிற காற்று எங்கே போகும்? அடியில் தங்கும். அந்தக் காற்றில் விளக்கு எரியாது, மனுஷனும் எரிய மாட்டான்.

எனக்குத் தெரியும். கிணறு வெட்டப் போன காலத்தில் என்னோடு கூடை சுமந்தவன் ஒருத்தன், விழுந்த வாளியை எடுக்கப் பாழுங்கிணற்றில் இறங்கினான். மூட்டம் போட்ட நாள். பாதிப் படியில் நின்று மேலே பார்த்துச் சிரித்தான். அடியில் போய், களைத்தவன் மாதிரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். கூப்பிட்டோம். உட்கார்ந்தே இருந்தான். சிரித்த முகம் மாறவே இல்லை.

ஆக, நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஜீப்பை எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். காட்டு ஓரத்தில்தான் நின்றது. இரண்டரை மணி நேரப் பாதை. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன்: எனக்கு ஹேமர் பெரிதாகத் தெரிந்தது. டீசல் பேரல் மேல் ஒரு கார்டை வைத்து, நின்ற வாக்கில் எழுதினேன். "கிணத்துல இறங்க வேண்டாம். விளக்கு எறக்கிப் பாக்காம இறங்க வேண்டாம். உள்ள விசக் காத்து. நானே வாரேன்." டிரைவரிடம் கொடுத்து, திண்டுக்கல் ரயிலடித் தபாலில் போடச் சொன்னேன். போய்விடும், வியாழன் கிடைத்துவிடும் என்று மறுபடி ராடைப் பிடித்தேன்.

ராடு மரைக்குத் தடவுகிற கிரீஸ் என் இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் இருந்தது. காற்றில் பறக்காமல் இருக்கக் கார்டை மூலைக்கு மூலை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துத்தான் எழுதினேன். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வியாழக்கிழமை கார்டு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர் தோட்டத்தில் இருந்தார். வீட்டில் அவருடைய அம்மா மட்டும். தபால்காரர் கார்டை நுனி விரலால் பிடித்து, "திண்டுக்கல்ல இருந்துங்க, ஆத்தா" என்று வாசலுக்கு வெளியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. நாலு மூலையும் கருப்பு. எடுத்தார், நாலாக எட்டாகக் கிழித்தார், சாக்கடை ஓரம் போட்டு ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினார். மகன் வந்ததும் சொன்னார்: "திண்டுக்கல்லுல உன்ர சிநேகிதக்காரரு போயிட்டாராட்ட இருக்குது, கண்ணு."

திண்டுக்கல்லில் இருந்து அவருக்கு எழுதுகிறவன் நான் ஒருத்தன்தானே.

எனக்கு வெள்ளிக்கிழமை விடியும்போதுதான் ஹேமர் விடுபட்டது. ஊரே கைதட்டியது. அந்தச் சத்தம் அடங்கின பிறகுதான் இன்றைக்கு வெள்ளி என்று நெஞ்சில் அடித்தது. வீட்டுக்கு வந்து, மேலுக்கு ஊற்றிக்கொண்டு தொப்பம்பட்டி கிளம்பலாம் என்று வெளிக்கேட்டுப் பக்கம் வந்தேன். இடுப்பில் துண்டு, வாயில் வேப்பங்குச்சி. கேட்டுக்கு வெளியில் ஒருவர் நின்றார். தோளில் துண்டு, கையில் பெரிய செவ்வந்தி மாலை. அழுத கண்.

"ஏனுங்க, போர் போடறவரு வீடு இதுதானுங்களே?"

"ஆமா."

"எடுத்துட்டாங்களா?"

"யாரை?"

"போர் போடறவரைத்தானுங்க. காயிதம் நேத்துத்தான் கெடச்சுது. முகம் பாக்கோணும்னு மொத பஸ்சுக்கே வந்தேன். கூட்டத்தையே காணோம்... அடக்கம் ஆயிருச்சுங்களா?"

 "நான்தாய்யா போர் போடுறவன்" என்றேன். என் குரல் எனக்கே வேறு எங்கிருந்தோ கேட்டது.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நானும் பார்த்தேன். பத்து வருஷமாக மாசா மாசம் சௌக்கியம் விசாரித்துக்கொண்ட இரண்டு பேர், ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாமல் நின்றோம். மாலை அவர் கையிலிருந்து நழுவவில்லை. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்த என் வீட்டுக்காரி மாலையைப் பார்த்தாள். "இந்தாங்க, யாரா இருந்தாலும் சரி! அந்த மாலையோட கேட்டுக்குள்ள காலை வச்சீங்க, நல்லா இருக்காது!" என்று கத்தினாள்.

"கிணத்துல இறங்குனீங்களா?" என்றேன்.

"எங்கீங்க இறங்கறது? எழவுக் காயிதம் வந்துருச்சே."

அப்பாடா என்று இருந்தது. அடுத்த வார்த்தை வரும் வரைதான் அது. "என்ர மச்சானை வரச் சொல்லியிருக்கறேன். அவுரு மத்தியானம் இறங்கினாலும் இறங்கிருவாரு. கயிறு கட்டி வெச்சுட்டுத்தான் வந்தேனுங்க."

ஜீப்பில் ஏறினோம். மாலையை வெளியில் கம்பியில் கட்டினார். ஒட்டன்சத்திரம் தாண்டுகிற வரைக்கும் வானம் சாம்பல் நிறத்தில் அசையாமல் தொங்கியது.  கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவரைக் கவனித்தேன். நீளமாக ஊதினார், ஊதினார், ஊதிக்கொண்டே இருந்தார். உள்ளே இழுப்பதே தெரியவில்லை.

"என்ன செய்றீங்க?"

"அது இப்ப ஊதிட்டு இருக்குமுங்க" என்றார்.

 ஆக்ஸிலேட்டரை மிதித்தேன்.

ஊருக்குள் இறங்கியதும் அவர் வீட்டு வாசலில் சாக்கடை ஓரமாக ஒரு துண்டுக் காகிதம் முள் வேலியில் ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் நைந்து போயிருந்தது. அந்தத் துண்டில் மட்டும் என் செங்கல் எழுத்து: 'வாரேன்'. அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். வாசலில் அவருடைய அம்மா நின்றார். மகன் ஓடிப்போய், "அம்மா, அவுரு சாகலீங்கம்மா, இவருதான்" என்று சொன்னார். அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் காலைப் பார்த்தார். பாதம் மண்ணில் படுகிறதா என்று குனிந்து பார்த்தார். நான் ஆயிரம் துளை போட்டவன், எந்தப் பேய்க்கும் அஞ்சாதவன். ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன், நானும் குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டேன்.

"மச்சான் எங்கீங்கம்மா?" என்றார் மகன்.

"கெணத்து மேட்டுல கோவிச்சுட்டு உக்காந்திருக்கறாரு. எழவுக்குப் போனவன் வந்து தலை முழுகற வரைக்கும் எவனும் கெணத்துல காலை வெக்கப்படாதுன்னு கயித்தை அவுத்துட்டேன்."

அப்படித்தான் இருந்தார் மச்சான். கயிறு இல்லாத ராட்டினத்துக்குக் கீழே பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஒரு லாந்தரைப் பற்றவைத்துக் கயிற்றில் கட்டி இறக்கினேன். பட்டப்பகல். முதல் இருபதடி நன்றாக எரிந்தது. முப்பதில் சுடர் நீலமாகி ஒல்லியானது. நாற்பதை எட்டும்போது யாரோ விரலால் நசுக்கின மாதிரி அணைந்தது. காற்று இல்லை, ஆடவில்லை, சும்மா அணைந்தது. மறுபடி ஏற்றி இறக்கினேன். அதே இடம். மூன்றாவது தடவை மச்சான், "போதுங்க" என்றார். அவர் பீடியைக் கீழே போட்டுவிட்டிருந்தார்.

எனக்கு அப்போது ஒன்று உறுத்தியது. என் கார்டு கிழிபடாமல் போயிருந்தால்? அவர் படித்திருப்பார். படித்துவிட்டு, பத்து வருஷம் சௌக்கியம் விசாரித்தவன் எழுதியதை நம்பியிருப்பாரா, இல்லை காது வைத்துக் கேட்ட பைப்பை நம்பியிருப்பாரா? அவரிடமே கேட்டேன். கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டே, "இறங்கியிருப்பனுங்க" என்றார். "உள்ளே யாரு பேசறாங்கன்னு பாக்கத்தானே இறங்கறதா இருந்தேன். சேறு சும்மா சொன்னதுங்க."

போர்ப் பைப்பு ஊதிக்கொண்டுதான் இருந்தது. பேச்சுச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எழுத மாட்டேன். என் மாலையை, அதாவது எனக்கு வாங்கின மாலையை, வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது, கோயிலுக்கும் கொடுக்க முடியாது. அவர் அதைப் பைப்பின் கழுத்தில் போட்டார். வாயோரம் இருந்த இதழ்கள் மேலே மேலே பறந்தன. மூன்று மணிக்கு மழை வந்தது. நாலு வருஷத்தில் முதல் மழை. ஒரு மணி நேரம் அடித்து ஓய்ந்து வானம் வெளுத்ததும், பைப்பு இழுக்க ஆரம்பித்தது. நனைந்த செவ்வந்தி இதழ்களை ஒவ்வொன்றாக உள்ளே வாங்கிக்கொண்டது. கடைசியில் வாழைநார் மட்டும் மிஞ்சியது. நாங்கள் மூன்று பேரும் நின்று பார்த்தோம்.

கிளம்பும்போது அந்த அம்மா வழியில் நின்றார்.

"கருப்பு வெச்ச காயிதம் வந்துட்டா சும்மா போகாதுங்க, சாமி. யாருக்குன்னு வந்துது?"

"யாருக்கும் இல்லீங்கம்மா. கிரீஸ்."

"கிழிச்சது நானு. எனக்கு வந்ததா இருக்கட்டும்" என்றார். சந்தையில் கடைசிக் கத்தரிக்காயைக் கூடையில் போட்டுக்கொள்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். 

அதற்குப் பிறகு அவர் கார்டு நின்றது. என் கையெழுத்தில் இனி ஒரு காயிதம் அவர் வீட்டுக்கு வரக் கூடாது, அங்கிருந்து எனக்குப் போகவும் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டதாகக் கடைக்காரர் போனில் இருந்து ஒரு தடவை பேசினார். கிணற்றை மண் கொட்டி மூடச் சொன்னேன். சரி என்றார். குரல் எனக்குப் புதுசாகவே இருந்தது. சுழி இல்லாத சௌக்கியம்.

ஏழெட்டு மாசம் போனது. ஒரு காலை தபால்காரர் கேட்டிலேயே நின்று மணியடித்தார், உள்ளே வரவில்லை. நுனி விரலில் பிடித்திருந்தார். நாலு மூலையும் கருப்பு. நான் வெளியில் போய் நின்று வாங்கினேன். அச்சடித்த கார்டு. அவருடைய அம்மா. அச்சுக்குக் கீழே, ஓரமாக, அந்தக் கையெழுத்து: "கெணறு மூடியாச்சுங்க. யாரும் இறங்கலீங்க. பைப்பு இன்னிக்குக் காலையில ஊதுது."

அங்கேயே கிழித்தேன். வீட்டுக்காரி ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். மூலைக்கு விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவியிருப்பார்கள் போல. என் இரண்டு கட்டைவிரலும் கருப்பாகிவிட்டன. ஆபீசுக்குள் போய், பதில் எழுத ஒரு கார்டை எடுத்தேன். விரலைப் பார்த்தேன். கார்டைக் கீழே வைத்துவிட்டு ஜீப் சாவியை எடுத்தேன். அன்றைக்கு இரண்டு இடத்தில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது, ஒன்றில் ராடு மாட்டியிருந்தது. கிடக்கட்டும் என்று போனேன்.

கேதம் விசாரித்துவிட்டு அவரோடு தோட்டத்துக்கு நடந்தேன். கிணறு இருந்த இடம் வெறும் மேடு. போர்ப் பைப்பு மட்டும் முழங்கால் உயரம் நின்றது. வானம் மூடியிருந்தது. பைப்பு ஊதியது. அதன் வாய் விளிம்பில் காய்ந்து நிறம் போன ஒரு செவ்வந்தி இதழ் ஒட்டிக்கொண்டு துடித்தது.

"காலையில வந்துதுங்க" என்றார் அவர்.

கருப்புப் போகாத என் விரலால் அதை எடுக்கப் போனேன். எட்டும் முன்னே பறந்துவிட்டது.